மறக்கலாகாத ஏழாமவர்

மில்கா சிங்கையும் பி. டி. உஷாவையும் அறியாத தமிழ் இல்லம் மாதுங்கா முதல் செம்பூர் வரை இராது. ஆயினும் ஸ்ரீராம் சிங்கை அறிந்தோர் நம்மிடையே மிகச் சிலரே.

இராஜஸ்தானத்தில் பிறந்து இராணுவத்தில் பணியாற்றிய இவ்வீரர், 1974இல் டெஹ்ரானிலும் 1978இல் பாங்காக்கிலும் நிகழ்ந்த ஆசியப் போட்டிகளில் 800 மீட்டர் ஓட்டத்தில் பொற்பதக்கம் வென்றார். 1976ஆம் ஆண்டு மான்ட்ரியல் ஒலிம்பிக் இறுதி ஓட்டத்தில் முதற் சுற்றை அனைவருக்கும் முன்னே முடித்தவர் இவரே. அவ்வேகத்தை ஒட்டி ஓடிய கியூபாவின் ஹுவாந்தொரேனா 1 நிமிடம் 43.50 விநாடியில் உலக சாதனை படைத்தார். நம் வீரர் 1 நிமிடம் 45.77 விநாடியில் ஏழாமவரானார். அந்நேரத்தைக் கேரளத்து ஜின்சன் ஜான்சன் 2018இல் முறியடிக்கும் வரை, 42 ஆண்டுகள் எந்த இந்தியரும் விஞ்சவில்லை.

ஒலிம்பிக் பதக்கம் இன்மையால் அவ்வோட்டத்தை மறப்பது நமக்கு அழகன்று. அதனை நம் சிறார்க்கு எடுத்துரைப்போமாக!