மலைப்பாதையும் சிறு மோட்டாரும்

யாத்திரைக்கு வேண்டுவது பொறுமை; பந்தயத்துக்கு வேண்டுவது வேகம். ஒன்றுக்கொன்று முரணான இவ்விரண்டும் ஒரே மோட்டார் வண்டியில் எவ்வாறு இடம்பெற்றன என்பதைச் சித்தூர், திருப்பதி வட்டாரத்து வரலாற்றைக் கொண்டு காண்போம்.

திருமலை கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் உள்ளது. நம் முன்னோர் அங்கே நடந்தோ டோலியில் அமர்ந்தோ ஏறினர். விசுவேசுவரய்யாவின் திட்டப்படி அமைந்த முதல் மலைச்சாலை 1944ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அப்பொழுது சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அம்மாவட்டம் அதனுடன் சென்றது. 1960இல் திருத்தணி நம் பக்கம் மீண்டது. எல்லை மாறியது, யாத்திரிகரின் வழி மாறவில்லை. 1974இல் இரண்டாம் மலைச்சாலை அமைந்தபின், புதிய சாலையில் ஏறுவதும் பழைய சாலையில் இறங்குவதும் வழக்கமாயிற்று.

ஆந்திரம் பிறந்த அதே 1953ஆம் ஆண்டில், சென்னையில் மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தோன்றியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இருந்தது. விமானங்கள் நீங்கிய அவ்விடம் பந்தயக் களமாயிற்று.

வெளிநாட்டு வண்டிகளின் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்த காலம் அது. ஆகவே, கைக்கு எட்டிய சிறு வண்டியையே ஆர்வலர்கள் திருத்தி அமைத்தனர். பம்பாயில் உருவான 1,089 கன சென்டிமீட்டர் பியட்டும், 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில் உருவான 948 கன சென்டிமீட்டர் ஸ்டாண்டர்டு ஹெரால்டும் இவ்வகையில் பெயர் பெற்றன. பின்னர், 1982இல் பெங்களூரிலிருந்து கண்ணாடி இழை உடலுடன் சிபானி டால்பின் வந்தது. அதன் இயந்திரம் 848 கன சென்டிமீட்டரே. ஆயினும் எடை குறைவாதலின் அது விரைந்து பாய்ந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தது.

திருத்தும் முறையில் மாயம் ஏதும் இல்லை. காற்றும் பெட்ரோலும் புகும் வழிகளைத் தேய்த்து வழவழப்பாக்குவர். அழுத்த விகிதத்தைச் சற்றே உயர்த்துவர். இரண்டாவது கார்புரேட்டரைப் பொருத்துவர். சுருள்வில்லைக் குறுக்கி வண்டியைத் தாழ்த்துவர். தேவையற்ற எடையைக் கழற்றி எறிவதே இவற்றுள் செலவில்லாத திருத்தம். இவ்வாறு வளர்ந்த கைத்திறன் வீண்போகவில்லை. கோயம்புத்தூர் கரிவரதன் மாருதி இயந்திரத்தைக் கொண்டு 1988இல் பார்முலா மாருதி என்னும் பந்தய வண்டியை உருவாக்கினார். 1990இல் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் நிலையான பந்தயத் தடம் அமைந்தது. அதே கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005இல் பார்முலா ஒன்று பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார்.

இனி மலைக்குத் திரும்புவோம். ஏற்றத்தில் சோதிக்கப்படுவது இயந்திரம். இறக்கத்தில் சோதிக்கப்படுவதோ பிரேக். இடைவிடாது மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். எனவே, கீழ்க் கியரிலேயே இறங்குவது அறிவுடைமை. குதிரைவிசையைக் கூட்டிப் பிரேக்கைப் பழையபடியே விட்டவன் பாதித் திருத்தமே செய்தவனாவான். தேவஸ்தானமும் இதனை நன்கு உணர்ந்து, ஏறுவதற்கு 28 நிமிடமும் இறங்குவதற்கு 40 நிமிடமும் குறைந்த அளவாக வகுத்தது. பந்தயத்தில் முந்தி வருபவனுக்குப் பரிசு. இங்கு முந்தி வருபவனுக்கு அபராதம்!

சட்டமும் துணை நிற்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவில், தயாரித்தவர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதனை வலியுறுத்தியது.

தில்லியிலும் மும்பையிலும் வாழும் நம்மவருள், புதிய வண்டி வாங்கியதும் குடும்பத்துடன் திருமலை செல்வோர் பலர். வளைவுக்கு வளைவு கை துறுதுறுக்கும் இளைஞரும் அவ்வண்டியில் இருப்பர். அவர்தம் ஆர்வம் குற்றமன்று; அதற்கென்றே தடம் ஒன்று இருங்காட்டுக்கோட்டையில் உண்டு. ஆனால், மலைச்சாலையின் அடுத்த வளைவில் வருவது பிறிதொரு குடும்பம். வேகத்தைக் கற்றவனுக்கு அதனை அடக்கும் இடமும் தெரிந்திருத்தல் வேண்டும்.