பாபேல் கோபுரமும் பல மொழிகளும்

உலகில் மொழிகள் ஏன் பலவாயின என்னும் கேள்வி மிகப் பழமையானது. இதற்கு விடையாகப் பல நாட்டாரும் பல கதைகளைக் கூறி வந்துள்ளனர். அவற்றுள் பெரும்புகழ் பெற்றது விவிலியத்தில் வரும் பாபேல் கோபுரக் கதையாகும். மொழியாராய்ச்சி, ஓவியம், அரசியல் ஆகிய மூன்றிலும் அஃது ஆழ்ந்த தடம் பதித்துள்ளது. பல மொழியினர் சுவரோடு சுவராக வாழும் இரயில்வே காலனியில் குடியிருக்கும் நமக்கு அக்கதை அயலார் கதையாகத் தோன்றுவதில்லை. ஆகவே இம்மலரில் அதன் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

கதை மிகச் சிறியது. ஆதியாகமத்தின் 11ஆம் அதிகாரத்தில், முதல் 9 வசனங்களுக்குள் அடங்கிவிடுகிறது. அக்காலத்தில் மாந்தர் அனைவரும் ஒரே மொழி பேசினர். சிநெயார் நாட்டுச் சமவெளியில் குடியேறிய அவர்கள், கல்லுக்கு மாற்றாகச் சுட்ட செங்கல்லும், சாந்துக்கு மாற்றாக நிலக்கீலும் கொண்டு ஒரு நகரையும், வானை எட்டும் ஒரு கோபுரத்தையும் கட்டத் தொடங்கினர். தமக்குப் பெயர் நிலைக்க வேண்டும், உலகெங்கும் சிதறிப் போய்விடலாகாது என்பவையே அவர்தம் எண்ணங்கள். இறைவன் அவர்களுடைய மொழியைக் குழப்பினார். ஒருவர் பேச்சு மற்றவர்க்கு விளங்கவில்லை. வேலை நின்றது, மக்கள் திசைதோறும் சிதறினர். கோபுரம் இடிந்து வீழ்ந்தது எனப் பலர் எண்ணுகின்றனர். மூலத்தில் அவ்வாறு இல்லை. கட்டுவதை விட்டுவிட்டார்கள் என்றே உள்ளது.

இக்கதைக்குப் பின்னே உண்மையான ஒரு கட்டடம் இருந்தது என்பர் அறிஞர். இன்றைய ஈராக்கில், பாக்தாத் நகருக்குத் தெற்கே பாபிலோன் நகரின் இடிபாடுகள் உள்ளன. 1899 முதல் 1917 வரை கோல்டெவே என்னும் ஜெர்மானியர் அங்கே அகழ்ந்து ஆராய்ந்தார். அங்கு எட்டெமெனாங்கி என்னும் அடுக்குக் கோயிலின் அடித்தளம் வெளிப்பட்டது. அதன் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 91 மீட்டர். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் அதைப் புதுப்பித்துக் கட்டிய மன்னன் நெபுகாத்நேச்சார், யூதர்களைச் சிறைபிடித்துப் பாபிலோனுக்குக் கொண்டு சென்றவன். ஊரிழந்து வேற்று நாட்டில் வாழ்ந்த அம்மக்கள் கண்முன் அக்கோபுரம் நின்றது. பாபிலோனியர் தம் நகரின் பெயருக்குத் ‘தெய்வத்தின் வாயில்’ என்று பொருள் கொண்டனர். எபிரேயரோ குழப்புதல் என்னும் பொருளுடைய தம் சொல்லோடு அப்பெயரை இணைத்து வேறு பொருள் கண்டனர். ஒரு பெயருக்கே இருமொழியில் இருபொருள்!

ஓவியத்தில் இக்கதைக்கு நிலைபேறு தந்தவர் பீட்டர் புரூகெல். 1563ஆம் ஆண்டில் அவர் தீட்டிய பாபேல் ஓவியம் வியன்னா நகரக் காட்சிச்சாலையில் உள்ளது. உரோமாபுரியின் கொலோசிய அரங்கைப் போன்ற வளைவுகள் அடுக்கடுக்காக எழ, எறும்பு போன்ற சிறு மனிதர்கள் கல் சுமந்தும், கல் செதுக்கியும், பாரம் தூக்கும் பொறிகளை இயக்கியும் நிற்பதை அதில் காணலாம். ஓவியர் தொழில் புரிந்த ஆண்ட்வெர்ப், பல நாட்டு வணிகர் கூடிய துறைமுகம். அங்கே தெருவில் நடந்தாலே பல மொழிகள் காதில் விழுந்திருக்கும்.

மொழியாராய்ச்சியில் இக்கதை விளைத்த விளைவு இன்னும் பெரிது. குழப்பத்திற்கு முன்னிருந்த அந்த ஒரே மொழி எது என்று ஐரோப்பியப் புலவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் தேடினர். எபிரேயமே என்றனர் பலர். 1569இல் கோரோப்பியசு என்பவர் தம் ஊர்ப் பேச்சாகிய பிராபாண்ட் மொழியே ஆதி மொழி என்று நூல் எழுதினார். 1669இல் ஜான் வெப் என்னும் ஆங்கிலேயர் சீன மொழியே அது என்றார். தம் மொழியே உலகின் முதன்மொழி என்று சொல்லிக்கொள்ளும் ஆசை எந்நாட்டார்க்கும் உண்டு போலும்!

அத்தேடலின் திசை மாறியது நம் நாட்டிலே. 1786இல் கல்கத்தாவின் ஆசியக் கழகத்தில் உரையாற்றிய வில்லியம் ஜோன்ஸ், சமஸ்கிருதமும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரு பொது மூலத்தினின்று பிறந்தவை. அம்மூலம் இப்போது வழக்கில் இல்லாமலும் இருக்கலாம் என்றார். 1816இல் சென்னையில் எல்லிஸ் துரை, தமிழ், தெலுங்கு, கன்னடம் முதலியவை சமஸ்கிருதத்தினின்று பிறக்காத தனிக் குடும்பம் என்று காட்டினார். 1856இல் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தால் அக்கொள்கையை நிலைநாட்டினார். அதன்பின் மொழிகள் குடும்பங்களாயின. அவற்றின் வேறுபாடு சாபமெனக் கருதப்படாமல் வரலாறு என ஆராயப்பட்டது.

ஆயினும் அரசியலில் பழைய அச்சம் நீங்கவில்லை. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1794இல், கிரெகுவார் பாதிரியார் மக்கள் மன்றத்தில் ஓர் அறிக்கை படித்தார். பல வட்டாரப் பேச்சுகள் வழங்கும் பிரான்சைப் பாபேல் கோபுரத்தோடு ஒப்பிட்ட அவர், அவற்றை ஒழித்து ஒரே மொழியை எங்கும் பரப்ப வேண்டும் என்றார். பின்னாளில் பள்ளிகளில் பிரெத்தோன் முதலிய தாய்மொழிகளைப் பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். நாளடைவில் பெற்றோரே தம் மொழியைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதை நிறுத்தினர். 1951ஆம் ஆண்டுச் சட்டம் அம்மொழிகளுள் சிலவற்றைப் பள்ளியில் கற்பிக்க இடமளித்தது. ஆனால் அதற்குள் பல வீடுகளில் பாட்டி பேசுவது பேரனுக்கு விளங்காமற் போயிற்று. பாபேலை அஞ்சி ஒரே மொழியை நாடியதன் பயனாகப் பாபேல் வீட்டுக்குள்ளேயே வந்து சேர்ந்தது!

நம் நாடு அவ்வழியிற் செல்லவில்லை. 1961ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் 1,652 தாய்மொழிகள் பதிவாயின. 1950இல் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் இருந்த மொழிகள் 14, இன்று 22. இந்தி வழங்காத மாநிலங்களில் நிலையப் பெயர்ப்பலகைகள் வட்டார மொழி, இந்தி, ஆங்கிலம் என மும்மொழியில் நிற்கின்றன. அவற்றினால் எந்த வண்டியும் வழி தவறியதில்லை. அகலப்பாதையும் மீட்டர்பாதையும் சந்திக்கும் நிலையங்களில் முன்பு சரக்கை ஒரு வண்டியினின்று இறக்கி, எண்ணிச் சரிபார்த்து, மற்றொன்றில் ஏற்றுவர் என மூத்த ஊழியர் கூறக் கேட்டிருக்கிறோம். வேலை அதிகந்தான், ஆனால் சரக்கு போய்ச் சேர்ந்தது. மொழிபெயர்ப்பும் அத்தகைய உழைப்பே. 1992க்குப் பின் இருப்புப்பாதைகளை ஒரே அகலமாக மாற்றத் தொடங்கினர். தண்டவாளத்திற்கு அது நன்று. நாவிற்கு அவ்விதி பொருந்தாது.

நம் காலனியில் சில பெற்றோர், வீட்டில் தமிழ் பேசினால் பிள்ளையின் படிப்பு கெடும் என அஞ்சுகின்றனர். அவ்வச்சமும் பாபேலின் நிழலே. நம் பிள்ளைகள் தாயோடு தமிழும், விளையாட்டுத் தோழரோடு வங்காளமும் தெலுங்கும், கடைத்தெருவில் இந்தியும், பள்ளியில் ஆங்கிலமும் பேசி வளர்கின்றனர். இவற்றுள் ஒன்று மற்றொன்றைத் தள்ளிவிடவில்லை. தமிழை நாமாகக் கைவிட்டால்தான் இழப்பு நேரும். விடுமுறையில் ஊருக்குப் போன பேரன், பாட்டி சொல்லும் கதை விளங்காமல் தாயின் முகத்தைப் பார்க்கும் நிலை எந்த வீட்டிலும் வரலாகாது.

பாபேலைக் கட்டியவர்கள் சிதறிப்போவதை அஞ்சினர். நாமோ பிழைப்பை நாடிச் சிதறி வந்தவர்கள். மொழி குழம்பிய மறுநாள் அம்மக்கள் அண்டை வீட்டாரோடு எவ்வாறு வாழ்ந்தனர் என்பதைக் கதை சொல்லவில்லை. அதனை நாம் நம் முற்றங்களில் நாள்தோறும் கண்டு வருகிறோம். ஆகவே பிள்ளைகளை ஞாயிறுதோறும் சங்கத்தின் தமிழ் வகுப்புக்கு அனுப்புவோம். அண்டை வீட்டாரின் மொழியையும் அவர்கள் ஆர்வத்தோடு கற்கச் செய்வோம். இவ்விரண்டும் சேர்ந்து நடந்தால் நம் சங்கம் நெடுங்காலம் நிலைக்கும்.