அமைதி ஜெபமும் அசரியா அத்தியட்சரும்

சாரல் விழும் நாள்களில் ஐந்தருவிக்குச் சென்றவர்கள் அறிவார்கள்: ஐந்து கிளையாய் இறங்கும் நீரின் இரைச்சலில், அருகில் நிற்பவரிடம் ஒரு சொல் சொல்லவேண்டுமானாலும் கூவித்தான் சொல்லவேண்டும். நான் தலைமையாசிரியனாய் இருந்த காலத்தில் மாணவர்களை அங்கே அழைத்துச் செல்வதுண்டு. ஒருமுறை, குளித்துக் கரையேறிய மாணவன் ஒருவன் ஈரத் துண்டோடு என்னிடம் வந்து, "ஐயா, ஜெபத்தில் அமைதியாய்க் காத்திருந்தால் தேவ சித்தம் தெரியவரும் என்கிறார்களே, எப்படித் தெரியும்? காதில் குரல் கேட்குமா?" என்று வினவினான். மேற்படிப்பா, வேலையா என்று அவன் வீட்டில் அப்போது பேச்சு நடந்துகொண்டிருந்தது. வேதாகமத்தைக் கண்ணை மூடிக்கொண்டு திறந்து, விரல் பட்ட வசனத்தையே விடையாகக் கொள்ளும் வழக்கமும் அவனுக்கு இருந்தது. அது சீட்டுக் குலுக்கிப் பார்ப்பதற்கு உடன்பிறப்பு என்பது என் கருத்து. ஆயினும் அவனிடம் வாதாடவில்லை. நம் சீமையிற் பிறந்த ஒருவருடைய வரலாற்றைச் சொன்னேன்.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874 ஆகஸ்டு 17 அன்று, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்திலுள்ள வெள்ளாளன்விளையில் பிறந்தார். தந்தையார் கிராமத்துப் போதகர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் பயின்றும், தேர்வு வேளையில் நோயுற்றமையால், பட்டம் பெறாமலே வெளியேறினார். (பட்டம் ஒன்றே வாழ்வு என்றிருக்கும் மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.) 1895-ல் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் ஊழியத்தில் சேர்ந்தார். அக்காலத்து மாணவர் இயக்கத்தில் 'அதிகாலைக் காவல்' என்றொரு பழக்கம் பரவியிருந்தது. நாளின் அலுவல் தொடங்குமுன் வேதத்தில் ஒரு பகுதியை வாசித்து, கேட்கவேண்டியதைக் கேட்டு, பின்னர்ப் பேசாமல் காத்திருப்பதே அது. எலியா தீர்க்கதரிசி பெருங்காற்றிலும் நிலநடுக்கத்திலும் நெருப்பிலும் காணாத ஆண்டவரை மெல்லிய ஓசையிற் கண்ட கதையே அதற்கு ஆதாரம் எனலாம்.

1902-ல் அசரியா யாழ்ப்பாணம் சென்றார். அங்கே அவர் கண்டது ஒரு சாதாரணச் செய்திதான். யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்கள், வெளிநாட்டார் கையை எதிர்பாராமல், தங்கள் பணத்திலேயே கடல் கடந்து நம் கரையிலுள்ள தொண்டிப் பக்கத்துக்கு ஊழியரை அனுப்பியிருந்தார்கள். திருநெல்வேலிச் சபை அதனினும் பெரியது. பல தலைமுறை கண்டது. அது யாரை எங்கே அனுப்பியது? இந்த வினா அவரை நாணச் செய்தது. தனித்திருந்து ஜெபித்தார். ஜெபத்தில் அவருக்குக் கிடைத்தது ஒரு கடமை. அதுவும், வீடு திரும்பித் தோழர்களோடு கலந்து பேசினாலன்றி உருப்பெறாத கடமை. 1903 பிப்ரவரி 12 அன்று திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. ஆள்கள் இந்தியர், பணம் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியருடையது என்பது அதன் கொள்கை. நிஜாம் சமஸ்தானத்தில் இருந்த தோர்ணக்கல் பணித்தளமாயிற்று. 1904-ல் சாமுவேல் பாக்கியநாதன் முதல் மிஷனெரியாகச் சென்றார். 1905 கிறிஸ்துமஸ் அன்று சேராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் அமைந்தபோதும் அசரியா முன்னின்றார்.

இங்கேதான் வரலாற்றின் முடிச்சு இருக்கிறது. செயலாளராய் ஊர் ஊராகச் சென்று, "யார் போவீர்கள்?" என்று பிறரைக் கேட்டவரிடமே அந்தக் கேள்வி திரும்பி வந்தது. மனைவி அன்பு மரியம்மாள், குழந்தைகள், நாடெங்கும் அறிந்த பதவி, தமக்குத் தெரியாத தெலுங்கு மொழி. விடை ஓர் இரவில் வரவில்லை. 1909-ல் குருப்பட்டம் பெற்று, முப்பத்தைந்தாம் வயதில், சாதாரண மிஷனெரியாகத் தோர்ணக்கல் சென்று தெலுங்கு கற்றார்.

"ஏழு ஆண்டா, ஐயா?" என்றான் மாணவன், துண்டைப் பிழிந்தபடி. ஏழு ஆண்டுதான் என்றேன். அதற்குள் அவர் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொன்னேன்; தெரிந்த அளவுக்கு நடந்துகொண்டே இருந்தார்.

1910-ல் எடின்பரோ மாநாட்டில் மேனாட்டு மிஷனெரிகளை நேருக்கு நேர் நோக்கி, எங்களுக்குத் தரும் உதவியினும் நட்பே வேண்டும் என்னும் கருத்தை எடுத்துரைத்தார். பலருக்கு அது கசந்தது. சென்னை அத்தியட்சர் ஹென்றி ஒயிட்ஹெட் இவரைத் தோர்ணக்கலுக்கு அத்தியட்சராக்க முயன்றபோதும் எதிர்ப்பு எழுந்தது. ஆயினும் 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அபிஷேகம் பெற்று, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய அத்தியட்சரானார். மாலா, மாதிகா என்னும் ஒடுக்கப்பட்ட மக்கள் திரளாக அச்சபையில் சேர்ந்தார்கள். அங்கே பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைச் சபைக்கென எடுத்து வைத்தார்கள். 1939-ல் அர்ப்பணிக்கப்பட்ட தோர்ணக்கல் பேராலயத்தில் இந்துக் கோயில் அமைப்பும் இசுலாமியக் கட்டடக் கலையும் கலந்து நிற்கின்றன.

மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. மதமாற்றப் பணியைக் காந்தியடிகள் வன்மையாக ஆட்சேபித்தார். அதிகாலையில் எழுந்து கடவுளை வேண்டுவதில் காந்தியடிகளும் குறைந்தவர் அல்லர். இருவரும் தத்தம் அமைதியில் கேட்டது ஒன்றாக இல்லை. வரலாற்று மாணவன் இதைப் பூசி மெழுகாமல் எழுதவேண்டும்.

பிரிந்து கிடந்த தென்னிந்தியத் திருச்சபைகள் ஒன்றாகவேண்டும் என்று, 1919-ல் தரங்கம்பாடியிற் கூடிய சிறு குழுவில் அசரியாவும் ஒருவர். அந்த வேண்டுதலோடு இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் காத்திருந்தார். 1945 ஜனவரி முதல் நாளில் தோர்ணக்கலில் காலமானார். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் உதயமாயிற்று.