பாடும் பங்கும்: பலேர்மோவின் கால்சாவை முன்வைத்துத் துன்பம் குறித்த ஒரு கிறிஸ்தவ விசாரணை

சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவத்தைத் தமிழ்க் கத்தோலிக்கர் 'பாடுபட்ட சுரூபம்' என்பார்கள். இந்தப் 'பாடு' என்ற சொல்லுக்குள் வேதனையும் இருக்கிறது, உழைப்பும் இருக்கிறது. வலையில் அகப்படும் மீனைக் கடற்கரையில் 'மீன்பாடு' என்கிறார்கள். 'அவரவர் பாடு அவரவருக்கு' என்று கைகழுவிவிட்டுப் போகவும் இதே சொல்தான் உதவுகிறது. துன்பத்தைப் பற்றிய கிறிஸ்தவச் சிந்தனையின் சிக்கல் முழுவதும் இந்த ஒரு சொல்லில் முடிச்சிட்டுக் கிடக்கிறது எனலாம். பட்டவருடைய பாடு அவருக்கே உரியது; ஆயினும் அவரைத் தனியே விட்டுவிடக் கூடாது.

துன்பத்துக்குப் பொருள் உண்டு என்று கிறிஸ்தவம் சொல்கிறது. அந்தப் பொருளை எடுத்துரைக்கும் உரிமை யாருக்கு? பட்டவருக்கு மட்டுமே என்பது இக்கட்டுரையின் வாதம். மற்றவர் அதைச் சொல்லப் புகும்போது ஆறுதல் அதிகாரமாக மாறிவிடுகிறது. இதற்குச் சான்றாகச் சிசிலித் தீவின் தலைநகரான பலேர்மோவில் கால்சா என்னும் ஒரே பேட்டையை எடுத்துக்கொள்கிறேன். கி.பி. 937இல் பாத்திமிய ஆட்சியாளர்கள் கடலோரம் எழுப்பிய அல்-காலிசா கோட்டைப் பகுதிதான் பின்னர் கால்சா ஆயிற்று. மீனவர்களும் மாலுமிகளும் குடியிருந்த இந்தப் பகுதி 1943இல் நேச நாடுகளின் குண்டுவீச்சில் சிதைந்தது. பல பத்தாண்டுகள் இடிபாடுகளோடே வாழ்ந்தது.

1. மயங்கினாளா, நின்றாளா?

கால்சாவில் 1509இல் கட்டத் தொடங்கி முற்றுப்பெறாமல் நின்றுபோன கோயில் சாந்தா மரியா தெல்லோ ஸ்பாசிமோ. அதன் நடுக்கூடத்துக்கு இன்றும் கூரை கிடையாது. வளைவுகளுக்கு மேலே நேரே வானம். 'ஸ்பாசிமோ' என்பது சிலுவை சுமந்து வரும் மகனைக் கண்ட மரியாவுக்கு நேர்ந்த துடிப்பையும் மயக்கத்தையும் குறிக்கும். அந்த மயக்கத்துக்கெனத் தனித் திருவிழா வேண்டும் என்ற கோரிக்கை அக்காலத்தில் எழுந்தது. திருத்தந்தை இரண்டாம் ஜூலியஸ் காலத்தில், 1506இல், தோமினிக்கன் சபை இறையியலாளர் தொமாசோ தெ வியோ கயெத்தான் அதை மறுத்து எழுதினார். மரியா சிலுவையருகே நின்றாள் என்றுதான் யோவான் நற்செய்தி (19:25) சொல்கிறது. மயங்கி விழுந்தவளால் மகனுடைய வேதனையில் அறிவோடு பங்கேற்க முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம்.

கயெத்தானின் வாதத்தில் வலு உண்டு, ஓர் ஆபத்தும் உண்டு. துன்பத்தில் பங்கேற்க விழிப்பு தேவை என்றது சரி. ஆனால் ஒரு தாய் எப்படித் துன்பப்பட வேண்டும் என்று வெளியிலிருந்து இலக்கணம் வகுக்கும் தொனி அதில் ஒலிக்கிறது. அந்தக் கோயிலுக்காக ரஃபேல் ஏறத்தாழ 1517இல் தீட்டிய ஓவியம் இரு தரப்பையும் கடந்து செல்கிறது. அதில் மரியா நிற்கவும் இல்லை, மயங்கவும் இல்லை. முழங்காலிட்டு, பெண்கள் தாங்கியிருக்க, இரு கைகளையும் மகனை நோக்கி நீட்டுகிறாள். மகன் ஒரு கையைக் கல்லில் ஊன்றியபடி திரும்பி அவளைப் பார்க்கிறார். நீட்டிய கை அவரை எட்டவில்லை. அந்த இடைவெளியை ரஃபேல் மூடாமல் விட்டிருக்கிறார். அதற்கு மேலே சிரேன் ஊர்ச் சீமோன் சிலுவையைப் பிடித்துத் தூக்குகிறார். மொத்த ஓவியத்திலும் பாரத்தைக் குறைப்பவர் அவர் ஒருவரே.

ஓவியம் சிசிலிக்கு வரும் வழியில் கப்பல் உடைந்து, மற்றெல்லாம் மூழ்க, அது மட்டும் ஜெனோவாக் கரையில் பழுதின்றி ஒதுங்கியது என்று ஓவியர்களின் வரலாற்றை எழுதிய வசாரி சொல்கிறார். 17ஆம் நூற்றாண்டில் அது ஸ்பெயின் மன்னர் நான்காம் பிலிப்பிடம் போய்ச் சேர்ந்தது; இப்போது மத்ரித் நகரின் பிராதோ அருங்காட்சியகத்தில் உள்ளது. ஓவியத்தை இழந்த கோயிலோ 1624ஆம் ஆண்டுக் கொள்ளைநோயில் நோயாளிகளை ஒதுக்கிவைக்கும் இடமாயிற்று. பின்னாளில் ஏழைகள் விடுதியாகவும் மருத்துவமனையாகவும் பயன்பட்டது. படம் போன பின்பு படத்திலிருந்த சீமோனின் வேலையைக் கட்டடமே ஏற்றுக்கொண்டது.

2. ஒரே சிலுவை, இரண்டு கைகள்

ஸ்பாசிமோவிலிருந்து சற்று நடந்தால் மரீனா சதுக்கத்தில் ஸ்தேரி மாளிகை. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1782இல் ஒழிக்கப்படும்வரை சிசிலியின் சமய விசாரணை மன்றம் இங்கேதான் இயங்கியது. அதன் சிறைச் சுவர்களில் சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் கைதிகளின் ஓவியங்களும் எழுத்துகளும் மறைந்திருப்பதை 1906இல் நாட்டாரியல் அறிஞர் ஜுசெப்பே பித்ரே கண்டறிந்தார். சிலுவை சுமக்கும் கிறிஸ்து, புனிதர்கள், மன்றாட்டுகள் எல்லாம் அங்கே உண்டு. லெவியத்தான் என்னும் விவிலியக் கடல்பூதத்தின் பிளந்த வாயிலிருந்து குலமுதுவர்கள் வெளியேறும் காட்சியும் உண்டு. விழுங்கப்பட்டவன் விடுதலையை விழுங்கிய வாய்க்குள் இருந்தபடியே வரைந்திருக்கிறான்.

விசாரணையாளரிடமும் சிலுவை இருந்தது, கைதியிடமும் சிலுவை இருந்தது. உடல் படும் வேதனை ஆன்மாவை மீட்கும் என்பது முன்னவர் தந்த விளக்கம். கிறிஸ்து என் பக்கம் இருக்கிறார் என்பது பின்னவர் கண்ட பொருள். கோட்பாட்டளவில் இரண்டுக்கும் ஊற்று ஒன்றே. ஒன்று வன்முறையாகவும் மற்றது நம்பிக்கையாகவும் ஆனதற்குக் காரணம் பேசுபவர் இருந்த இடம். மன்றத்தின் பலேர்மோ ஆவணங்கள் 1783இல் அரசப் பிரதிநிதி கராச்சியோலோவின் ஆணைப்படி எரிக்கப்பட்டன. பட்டவர்களின் சாட்சியம் சுவரில் தங்கிவிட்டது.

திருநூலிலும் இந்த வேறுபாடு தெளிவாக இருக்கிறது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறவாமல் தரையில் அமர்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். காரணம் சொல்லத் தொடங்கியபோதுதான் தவறினார்கள். நூலின் முடிவில் கடவுள் கடிந்துகொள்வதும் அவர்களைத்தான். கிறிஸ்துவின் வேதனையில் குறைவாயிருப்பதைத் தம் உடலில் நிறைவு செய்வதாகக் கொலோசையர் திருமுகம் (1:24) பேசுவது தன்மையில். 'உன் வேதனை' என்று அது சொல்லவில்லை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1984இல் மீட்பளிக்கும் துன்பத்தைப் பற்றி எழுதிய திருத்தூது மடலை இந்த வசனத்தைக் கொண்டே தொடங்கினார். 1981 மே மாதம் துப்பாக்கிக் குண்டு பாய்ந்த உடலோடு அவர் அதை எழுதினார் என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

3. ஒரு மறுப்பு

பட்டவர் மட்டுமே பேசலாம் என்றால், பேச்சற்றுப்போனவர்களின் கதி என்ன? திருச்சபை வாயடைத்து நிற்க வேண்டியதுதானா? நியாயமான கேள்வி. கால்சாவின் அபாத்தெல்லிஸ் மாளிகைக் காட்சிக்கூடத்தில் 15ஆம் நூற்றாண்டின் நடுவில் தீட்டப்பட்ட 'சாவின் வெற்றி' என்ற பெரிய சுவரோவியம் இருக்கிறது. முதலில் அது இருந்தது நகரின் பெரிய மருத்துவமனை முற்றத்தில். எலும்புக் குதிரையில் வரும் சாவு செல்வர்கள் மீது அம்பெய்கிறது. தம்மை எடுத்துக்கொள்ளும்படி கெஞ்சும் ஏழைகளையும் ஊனமுற்றோரையும் திரும்பியும் பாராமல் தாண்டிப் போகிறது. நோயாளிகளின் கண்ணெதிரே இருந்த அந்தப் படம் எந்தச் சமாதானமும் சொல்லவில்லை. அவர்கள் சொல்ல அஞ்சிய விருப்பத்தை மறைக்காமல் காட்டியது, அவ்வளவே. விளக்கம் சொல்லாமலும் குரல் கொடுக்கலாம் என்பதற்கு இது சான்று.

தமிழில் இதற்கு நெடிய பழக்கம் உண்டு. கோவாவிலிருந்து 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழில் இயற்றிய, இயேசுவின் பாடுகளை எண்ணிப் புலம்பும் 'வியாகுலப் பிரசங்கம்' தவக்காலத்தில் ஓதப்பட்டு வந்தது. இழவு வீட்டு ஒப்பாரியைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்தப் புலம்பல் அந்நியமல்ல. ஒப்பாரியில் கட்டிப்பிடித்து அழ வருகிறவள் சாவுக்குக் காரணம் சொல்வதில்லை. மாரடித்து அழுதுகொண்டிருக்கும்போதே அவளுக்குத் தன் வீட்டுச் சாவு நினைவுக்கு வந்துவிடும். பிறகு அவள் அழுவது தனக்காகவும்தான்.

4. பங்கு

1624ஆம் ஆண்டுக் கொள்ளைநோயில் பலேர்மோ பற்றிக்கொண்ட புனிதை ரொசாலியா. பெல்லெக்ரீனோ மலையில் உள்ள அவருடைய குகைக் கோயிலுக்கு இன்று இலங்கைத் தமிழர்கள் ஏறிச் செல்கிறார்கள். அவர்களில் கிறிஸ்தவரோடு இந்துக்களும் உண்டு. போரில் இழந்ததற்கு அந்தக் குகை விளக்கம் தருவதில்லை. நானூறு ஆண்டுகளுக்கு முன் வேறொரு மக்கள் தம் பாட்டைக் கொண்டுவந்து இறக்கிய இடத்தில் தங்கள் பாட்டையும் இறக்கிவைக்க அது இடம் தருகிறது.

தமிழ்க் கத்தோலிக்க வழக்கில் 'பங்கு' என்றால் ஆலயத்தைச் சேர்ந்த மக்கள் சமூகம். பாகம் என்ற பொருளும் அதற்கு உண்டு. இரண்டையும் ஒன்றாகக் கேட்டால் இவ்வாய்வின் முடிவு கிடைக்கிறது. பாட்டின் பொருளை உரைப்பது பட்டவரின் உரிமை. பங்கின் கடமை சீமோனுடையது. சீமோனும் தானாக முன்வரவில்லை, கட்டாயப்படுத்தப்பட்டவர். சிலுவை எதற்கு என்று அவர் விளக்கியதாக எந்த நற்செய்தியிலும் இல்லை. தோள் கொடுத்தார்.