ஒரு அணை, மூணு டென்ஸ்

கம்பம் பள்ளத்தாக்கில் இன்னைக்கும் நெல் விளையுதுன்னா, அதுக்குப் பின்னாடி ஒரு அணையும் ஒரு பத்திரமும் இருக்கு. இந்த எபிசோடில் அந்தப் பத்திரத்தோட இங்கிலீஷைப் பார்க்கலாம்.

1886 அக்டோபர் 29. திருவிதாங்கூர் அரசும் பிரிட்டிஷ் அரசும் முல்லைப் பெரியாறு குத்தகையில் கையெழுத்துப் போட்டாங்க. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய், 999 வருஷம். அப்போ அணையே கிடையாது. இல்லாத அணைக்கு வரப்போற தண்ணியை எப்படி எழுதுறது? பத்திரத்தில் இருக்கிற சொல் 'ஃப்ளோயிங்'. தமிழில் இந்த இடத்தில் பொதுவா காலத்தைச் சொல்லுவோம்: ஓடிய, ஓடுகின்ற, ஓடும். 'ஓடிய நீர்'னு மொழிபெயர்த்தா உரிமை அன்னைக்கே முடிஞ்சிரும். இங்கிலீஷில் அந்த 'இங்' தனியா நிற்கும்போது எந்தக் காலத்தையும் குறிக்காது. அதனால நேத்து ஓடுன தண்ணி, நாளைக்கு ஓடப்போற தண்ணி ரெண்டும் அதுக்குள்ள வந்துரும்.

அணை 1895-ல் முடிஞ்சது. இதை வச்சே நமக்கு வழக்கமா இடறுற டென்ஸைப் புரிஞ்சுக்கலாம்.

"1895-ல் கட்டி முடிச்சாங்க." வருஷம் சொல்லிட்டோம், வேலையும் முடிஞ்சது. அதனால 'வாஸ் கம்ப்ளீட்டட்'. இங்க 'ஹேஸ்' வராது.

"1895-ல இருந்து தண்ணி வருது." தமிழில் நிகழ்காலமே போதும். அதை அப்படியே கொண்டுபோய் 'இஸ் கமிங் ஃப்ரம் 1895'னு எழுதிடுறோம். தொடங்கி இன்னும் தொடருதுன்னா இங்கிலீஷுக்கு 'ஹேஸ் பீன் கமிங் சின்ஸ் 1895' வேணும்.

மூணாவதுதான் சிக்கல். 1979-ல் நீர்மட்டத்தை 136 அடியாக் குறைச்சாங்க. 2014 மே 7 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம்னு சொல்லிருச்சு. இப்போ ஒருத்தர் '1979-லிருந்து ஹேஸ் பீன் 136'னு எழுதினா, அந்தத் தடை இன்னும் நிக்குதுன்னு அர்த்தமாயிரும். ஒரே வினைச்சொல், ஆறு அடி தண்ணி காலி! அங்க 'வாஸ்'தான் சரி.

ஆபீஸிலும் இதே கதைதான். 'சர்வர் வாஸ் டவுன்'னு மெயில் போட்டா, சரியாயிருச்சுன்னு டீம் தூங்கப் போயிரும். இன்னும் எந்திரிக்கலைன்னா 'ஹேஸ் பீன் டவுன் சின்ஸ் மார்னிங்'.

அடுத்த மெயிலை அனுப்புறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேட்டுப் பாருங்க: இது முடிஞ்சுபோச்சா, இன்னும் ஓடுதா?