நீரிழிவுக் கண்நோயாளரின் மனச்சோர்வு: ஹேவாஹெட்டத் தோட்டப்புறம்

நீரிழிவால் விழித்திரை கெட்டவர்களிடம் காணப்படும் மனச்சோர்வை நீரிழிவு மருத்துவர் கண் பிரிவின் காரியம் என்றும், கண் மருத்துவர் மனநலப் பிரிவின் காரியம் என்றும் விட்டுவிடுவது வழக்கம். அதனால் பெரும்பாலும் யாருமே அதைக் கேட்டறிவதில்லை. நீரிழிவு உள்ளவருக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இருமடங்கு என்று 2001இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று காட்டியது. உலகளவில் நீரிழிவுக்காரர் மூவரில் ஒருவருக்கு ஏதோ ஓர் அளவில் விழித்திரைப் பாதிப்பு இருக்கிறது. இலங்கையில் 2005–06இல் நடந்த நாடளாவிய ஆய்வின்படி, 20 வயது கடந்தவர்களில் 10.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது.

இந்தக் கண்நோய் தொடக்கத்தில் வலிக்காது, பார்வையையும் மறைக்காது. நுண்ணிய இரத்தக்குழாய்கள் ஆண்டுக்கணக்கில் கசிந்துகொண்டிருக்கும். விழித்திரையின் நடுப்பகுதி வீங்கினால் எழுத்தும் முகமும் மங்கும். புதிதாக முளைத்த மெல்லிய குழாய் உடைந்தால் ஒரே இரவில் கண்ணுக்குள் இரத்தம் படர்ந்து இருட்டிவிடும். கண்ணுக்குள் போடும் ஊசி சிலருக்குப் பார்வையை ஓரளவு மீட்டுத் தரும். லேசர் செய்வது பெரும்பாலும் மிச்சமிருப்பதைக் காப்பதுதான். சீனி ஏறி இறங்கும்போது கண்வில்லையும் மாறுவதால் பார்வை நாளுக்கு நாள் வேறுபடும். பார்வை முற்றிலும் போனவரின் துயரம் ஒருவகை. நாளை தெரியுமா தெரியாதா என்று காத்திருப்பவரின் துயரம் இன்னொரு வகை. இரண்டாவதை மருத்துவமனைகள் குறைத்தே மதிப்பிடுகின்றன.

519 நீரிழிவு நோயாளரிடம் நடத்தி 2016இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், விழித்திரைநோய் முற்றியவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் கூடுதலாக இருந்தன. நடுப்பகுதி வீக்கத்தோடு அப்படியொரு தொடர்பு தென்படவில்லை. எதிர்த்திசையிலும் சான்று உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்து செய்த ஆய்வு, மனச்சோர்வு கூடியவர்களுக்கே புதிதாக விழித்திரைநோய் வருவதும் கூடுதல் என்று 2011இல் தெரிவித்தது. மனம் சோர்ந்தவர் மாத்திரையைத் தவறவிடுவார், கிளினிக் போகமாட்டார். சீனி ஏறும், கண் இன்னும் கெடும்.

இந்தச் சுழல் தோட்டப்புறத்தில் எப்படி இறுகுகிறது என்பதற்கு ஹேவாஹெட்ட ஓர் எடுத்துக்காட்டு. அது நுவரெலியா மாவட்டத்தின் ஹங்குராங்கெத்தப் பகுதியில், கண்டி மாவட்ட எல்லையை ஒட்டிய மலைப்பிரதேசம். 1867இல் தேயிலை முன்னோடி ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் இதன் அயலில்தான் இருக்கிறது. கொழுந்து பறிப்பவருக்குக் கையைப் போலவே கண்ணும் தொழிற்கருவி. முற்றிய இலையை விலக்கி இளங்கொழுந்தை எடுக்க வேண்டும். செங்குத்தான சரிவில் கால் வைக்குமிடம் தெரிய வேண்டும். பார்வை மங்கினால் பறித்த கொழுந்தின் நிறை குறையும், முழுப்பேர் (முழு நாட்கூலி) அரைப்பேராகும். சீனி வருத்தத்துக்கு மருந்து தோட்டத்துக்கு அருகிலேயே கிடைத்தாலும், லேசருக்கும் ஊசிக்கும் மாரஸ்ஸன, தலாத்துஓயா வழியாகக் கண்டிக்குப் பஸ் ஏற வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். பயணமும் இழந்த நாட்கூலியும் இலவசமல்ல. சொட்டுமருந்து விட்டுப் பாவையை விரித்துப் பார்த்தால் சில மணி நேரம் கண் கூசும், தனியாகத் திரும்ப முடியாது. துணைக்கு வரும் மகளுக்கும் அன்றைய பேர் போய்விடும். பிள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டோம் என்ற எண்ணம் இப்படித்தான் வேர்விடுகிறது. அடுத்த தவணையை நோயாளியே வேண்டாமென்று விடுகிறார்.

மனச்சோர்வைக் கண்டுபிடிக்கப் பரவலாகப் பயன்படுவது, மொத்தம் 27 புள்ளிகள் கொண்ட ஒன்பது கேள்விப் படிவம். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மேலதிகப் பரிசோதனை தேவை. ஆனால் களைப்பு, தூக்கமின்மை, பசியில் மாற்றம் ஆகியவற்றைச் சீனி வருத்தமே உண்டாக்கும். ஆகவே புள்ளிக் கணக்கை மட்டும் நம்ப முடியாது. முன்பு பிடித்தவற்றில் நாட்டம் போய்விட்டதா என்பதுதான் கவனிக்க வேண்டிய கேள்வி. இலங்கைச் சூழலுக்கென்றே பேராதனைப் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய பேராதனை மனச்சோர்வு அளவுகோல் 2012இல் வெளியானது. எந்தப் படிவமானாலும் கண் தெரியாதவரிடம் நீட்டிப் பயனில்லை, தமிழில் வாசித்துக் கேட்க வேண்டும். மகளையோ மருமகனையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு, சாக வேண்டும் போல இருக்கிறதா என்று கேட்டால் உண்மை வராது.

சிகிச்சை பெரும்பாலும் பலன் தரும். அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மாத்திரைகள் எடையைக் கூட்டக்கூடும், பாவையை விரிக்கக்கூடும். எனவே முதலில் செர்ட்ராலின், ஃபுளுவோக்செட்டின் போன்றவற்றைத் தேர்வது வழக்கம். ஃபுளுவோக்செட்டின் சீனியைக் குறைக்கவும் கூடும் என்பதால் இன்சுலின் போடுபவர் அளவைச் சரிபார்க்க வேண்டும். மாத்திரையோடு கூடவே பயன்படுவது, இருக்கும் பார்வையைக் கொண்டு அன்றாட வேலையை நடத்தப் பழக்குவது. முதுமையில் வரும் வேறொரு விழித்திரைநோய்க்காரரிடம் அமெரிக்காவில் நடத்திய 2014ஆம் ஆண்டு ஆய்வில், இத்தகைய பயிற்சியோடு, செயல்களில் ஈடுபடத் தூண்டும் சிகிச்சையும் சேர்ந்து புதிதாக மனச்சோர்வு தோன்றுவதை ஏறத்தாழ பாதியாகக் குறைத்தது. இன்சுலின் பேனாவின் 'டிக்' ஒலியை எண்ணி அளவு வைப்பது, படியோரத்தில் வெள்ளைப் பட்டை பூசுவது, மாத்திரை டப்பாக்களில் ரப்பர் வளையம் மாட்டி வேறுபடுத்துவது எல்லாம் தோட்டக் குடியிருப்பான லயத்திலேயே செய்யக்கூடியவை. தற்கொலை எண்ணம் வெளிப்பட்டால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 தொலைபேசி இலக்கம் இரவும் பகலும் இயங்குகிறது.