ஓரிழையின் மடிப்பும் பாடபேதமும்

1965ஆம் ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் ராபர்ட் ஹாலியும் அவர்தம் குழுவினரும் எழுதிய கட்டுரை ஒன்று வெளிவந்தது. ஈஸ்ட்டிலிருந்து பிரித்தெடுத்த ஓர் ஆர்.என்.ஏ. மூலக்கூறின் எழுத்துகளை முதலிலிருந்து கடைசிவரை அதில் வரிசைப்படுத்திக் காட்டியிருந்தனர். மொத்தம் 77 எழுத்துகளே. அவற்றை வாசிப்பதற்கு ஏறத்தாழ 140 கிலோ ஈஸ்ட்டிலிருந்து ஒரு கிராம் தூய பொருளைச் சேர்க்க வேண்டியிருந்தது. நியூக்ளிக் அமிலம் ஒன்று முழுமையாக வாசிக்கப்பட்டது அதுவே முதன்முறை.

எழுத்து கிடைத்துவிட்டது, வடிவம்? டி.என்.ஏ.வைப் போலன்றி ஆர்.என்.ஏ. பெரும்பாலும் ஒற்றை இழை. அது தன்மீதே மடங்கி, அடினைன் யுராசிலோடும் குவானைன் சைட்டோசைனோடும் இணைசேரும். அவ்வாறு மடங்கினால்தான் அது வேலை செய்யும். ஹாலியின் கட்டுரை மூன்று வடிவங்களை முன்வைத்தது. அவற்றுள் குளோவர் இலையை ஒத்ததைக் கண்டு சொன்னவர்கள் அவருடன் பணியாற்றிய எலிசபெத் கெல்லரும் ஜான் பென்ஸ்விக்கும். ஹாலிக்கு 1968இல் நோபல் பரிசு கிடைத்தது. மற்ற இருவர் பெயரை நம் பாடநூல்களில் தேடினும் காண்பதரிது.

மூன்றில் எது மெய் என்பதைத் தீர்த்து வைத்தது கணக்கன்று, ஒப்பீடு. அடுத்த ஆண்டிலேயே வேறு சில கடத்து ஆர்.என்.ஏ.க்கள் வாசிக்கப்பட்டன. எழுத்துகள் வேறு, ஆயினும் எல்லாம் குளோவர் இலைக்குள் அடங்கின. ஒன்றில் அடினைன்-யுராசில் இணை நின்ற இடத்தில் மற்றொன்றில் குவானைன்-சைட்டோசைன் நின்றது. ஒரு பக்கம் மாறினால் எதிர்ப்பக்கமும் சேர்ந்தே மாறியிருந்தது. ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடம் தீர்மானிக்கும் பதிப்பு முறையை அறிந்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ஒரு வேற்றுமை மட்டும் உண்டு: பாடபேதம் நமக்குச் சிக்கல், இவர்களுக்கோ அதுவே சான்று.

ஒப்பிட உறவினம் இல்லாத தனி இழைக்கு என்ன செய்வது? இங்கேதான் கணிப்பொறி வந்தது. 1971இல் டினோக்கோவும் உடன் ஆய்வாளர்களும் மடிப்புகளின் ஆற்றலை மதிப்பிடும் வழி சொன்னார்கள். 1978இல் ரூத் நுஸ்ஸினோவும் பிறரும், சிறு துண்டுகளுக்கு விடை கண்டு அவற்றைக் கொண்டே பெரிய துண்டுகளுக்கு விடை காணும் முறையால், மிக அதிக இணைகள் அமையும் மடிப்பைக் கண்டறிந்தனர். 1981இல் மைக்கேல் ஜூக்கரும் பாட்ரிக் ஸ்டீக்லரும் இணைகளை எண்ணுவதை விடுத்து மிகக் குறைந்த ஆற்றலைத் தேடினர். அழகான முறைகள். ஆனால் ஒரே இழைக்கு ஏறத்தாழச் சம ஆற்றலுடைய மடிப்புகள் பல உண்டு. ஆற்றல் அளவீட்டில் நேரும் சிறு பிழையும் விடையை மாற்றிவிடும். நீண்ட இழைகளில் பாதி இணைகள்கூடத் தேறாமல் போவதுண்டு.

அதே காலத்தில் ஹாரி நோலரும் கார்ல் வூஸும் ஒப்பீட்டையே விடாப்பிடியாகத் தொடர்ந்தனர். 1542 எழுத்துகள் கொண்ட ஈ.கோலை ரைபோசோம் ஆர்.என்.ஏ.வைப் பிற உயிர்களின் இழைகளோடு வைத்துப் பார்த்தே அதன் மடிப்பை வரைந்தனர். 2000இல் ரைபோசோமின் படிக அமைப்பு வெளியாயிற்று. அதன் சிற்றலகை வெளிப்படுத்தியவர்களுள் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனும் ஒருவர். ஒப்பீட்டு முறை படிப்படியாகச் செம்மையாகிக் கணித்திருந்த இணைகளில் ஏறத்தாழ 97 விழுக்காடு அப்படிகத்தில் அவ்வாறே இருந்தன. இவ்வெற்றிக்குரிய புகழ் இன்னும் அவர்களைச் சேரவில்லை என்பதே நம் கருத்து.

புரதத்தின் வடிவத்தை ஆல்பாஃபோல்டு கணித்ததற்கு 2024இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆர்.என்.ஏ. அவ்வளவு எளிதில் வசப்படவில்லை. 2022இல் நடந்த காஸ்ப் கணிப்புப் போட்டியில் ஆர்.என்.ஏ. முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது, ஆழ்கற்றல் நிரல்களை நிபுணர்களின் கைவண்ணம் கலந்த பழைய முறைகள் முந்தின. படிகத்தால் வடிவம் அறியப்பட்ட ஆர்.என்.ஏ.க்கள் மிகச் சிலவே. கற்றுக்கொள்ள அந்நிரல்களுக்குப் போதிய ஏடுகள் இருக்கவில்லை.